உள்ளங்கால் தேர்ந்தெடுத்த இயந்திரம்

போன மாதம் செல்வம் போன் செய்தான். நான் முப்பது வருடம் வேலை பார்த்த பம்புக் கடையில் இப்போது சர்வீஸ் பொறுப்பு அவனிடம்தான். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடாத ஒரே ஆள்.

"அண்ணாச்சி, ஒரு வீட்டு நீச்சல்குளத்துக்கு ரோபோ கேக்காவ. நாலு மாடல் இருக்கு. எதைக் கொடுக்கலாம்?"

"நாலுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு செல்போன்ல தட்டினா ஓடும். இன்னொண்ணு அதுவே குளத்தை அளந்து படம் போட்டுக்கிடுது. எங்கன மேடு, எங்கன பள்ளம்னு அதுக்கே தெரியும்."

அவன் குரலில் பெருமை தாங்கவில்லை, ஏதோ அவனே செய்து அனுப்பியது போல. எனக்கும் ஆச்சரியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குளத்தின் அடித்தரையை அப்படி அங்குலம் அங்குலமாகப் படம் போட்ட ஒருவரை நான் தொண்ணூறுகளிலேயே பார்த்துவிட்டேன். அவரிடம் கேமராவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. இது போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன், செல்வம் படித்துக்கொள்ளட்டும்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வேலை கற்றேன். ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றினேன். பிறகு இந்தக் கடைக்கு வந்து வயல் பம்புகளோடு மல்லுக்கட்டினேன். குற்றாலத்து விடுதிகளில் நீச்சல்குளம் வர ஆரம்பித்ததும் கடையில் வடிகட்டிகளும் விற்க ஆரம்பித்தார்கள். குளத்துத் தண்ணீரை உறிஞ்சிச் சலித்து அதே குளத்தில் திரும்ப விடுகிற வேலை. முதலில் எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் பட்டது. தாமிரபரணி ஓடுகிற ஊரில் எவனாவது வீட்டுக்குள் குளம் வெட்டுவானா என்று கேலி பேசியவன் நான்.

பரமசிவம் சார் வெட்டினார். மஸ்கட்டில் பொறியாளராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். சேரன்மகாதேவி தாண்டி ஆற்றங்கரையோரம் வீடு. அவர் ஆடம்பரத்துக்காகக் குளம் கட்டவில்லை. அவர் மனைவி சிவகாமி டீச்சர் பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. ஒரு சாலை விபத்தில் இடுப்பும் இரண்டு காலும் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்தும் நிற்க முடியாமல் போனது. தரையில் நடந்தால் கால் எடை தாங்காது, நெஞ்சளவு தண்ணீரில் தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆற்றிலே நடக்கலாம் என்றால் அங்கே பாறையும் பாசியும் இழுப்பும். அதனால் குளம்.

டீச்சரின் விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிடுவது என்று அவரே முடிவு செய்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நடத்தலாமே என்று தலைமையாசிரியை சொல்லிப் பார்த்தாராம். "வரைபடத்தைத் தொட்டுக் காட்டாம நான் என்னத்த நடத்த?" என்று டீச்சர் மறுத்துவிட்டார். பதினெட்டு வருடம் நின்று நடத்திய மனுஷி.

குளத்தைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. நீளக் கழியின் நுனியில் உறிஞ்சு தட்டு, அதிலிருந்து குழாய் பம்புக்குப் போகும். தட்டைத் தரையோடு ஒட்டிப் பைய இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் படிந்த வண்டல் எழும்பித் தண்ணீர் கலங்கிவிடும், அப்புறம் அது படியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை, வயலில் நாற்று நடுவது மாதிரி. மூன்று மணி நேரம் ஆகும். வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்னால் போக முடிந்தது. ஆற்றங்கரை வீடு என்பதால் வேப்பம்பூவும் புழுதியும் தினமும் விழுந்தன. தரை நாளுக்கு நாள் வழுக்க ஆரம்பித்தது.

தானே ஓடும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாம் என்று பரமசிவம் சார் சொன்னார். மெட்ராஸ் ஏஜென்டிடமிருந்து கேட்லாக் வரவழைத்தேன். மூன்று வகை இருந்தன. முதல் வகை வடிகட்டிப் பம்பின் உறிஞ்சலிலேயே ஓடும், நாலு இலை அடைத்தால் நின்றுவிடும். இரண்டாவது வகைக்குத் தனியாக இன்னொரு பம்பு வேண்டும். மூன்றாவதுதான் ரோபோ. உள்ளேயே மோட்டார், உள்ளேயே அழுக்குப் பை. கரையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வீட்டு மின்சாரத்தை இருபத்துநான்கு வோல்ட்டாகக் குறைத்து நீளமான வயர் வழியாக அனுப்பும். அடியில் சுழலும் உருளை இரண்டு விதத்தில் கிடைத்தது. ஒன்று முள் முள்ளான பிரஷ். இன்னொன்று ஸ்பாஞ்சு. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முள் இருந்தால்தானே நன்றாகத் தேய்க்கும் என்று பிரஷ் உருளைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு.

அது வந்து இறங்கிய நாளை நான் மறக்க மாட்டேன். வீட்டில் வேலை பார்க்கும் பேச்சி அதற்குத் திருநீற்றுப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்து முல்லைச் சரமும் சுற்றிவிட்டாள். "நாரு உருளையில சுத்தினா மோட்டார் போயிரும் தாயி" என்று கெஞ்சிச் சரத்தை மட்டும் கழற்றினேன். பட்டையோடேயே இறக்கினோம். குமிழி விட்டுக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. அவ்வளவுதான், நின்றுவிடும் என்று நினைத்தேன். அது மூக்கைத் தூக்கிச் சுவரில் ஏறத் தொடங்கியது. தண்ணீர் மட்டம் வரை ஏறி, மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு நொடி நின்று, பிறகு மெல்ல இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருடமாக மோட்டாரைத் திறந்து மூடியவன் நான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் வாய் பிளந்து நின்றேன்.

"யம்மா, ஆமை செவுத்துல ஏறுது!" என்று பேச்சி கத்தினாள். சற்றுத் தள்ளி நாற்காலியில் இருந்த டீச்சர் சிரித்தார். நான் அந்த வீட்டில் அவர் சிரிப்பைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

என் பெருமை மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் அது பாதிச் சுவர் ஏறி, நழுவி, மல்லாக்க விழுந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரே இடத்தில் நின்று சுற்றியது. பையைத் திறந்தால் இலை இருந்தது, வண்டல் இல்லை. மின்சாரம் குறைவாக வருகிறது என்று ஸ்டெபிலைசர் வைத்தேன். பிரஷைக் கழற்றி மாட்டினேன். தண்ணீரில் குளோரின் மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன். மருந்துச் சோதனையில் எல்லாம் சரியாகவே காட்டியது.

அடுத்த வாரம் டீச்சர் தண்ணீருக்குள் வழுக்கி விழுந்துவிட்டார். முழுக்க மூழ்கிவிட்டார். கூட நின்ற பேச்சிதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அடி இல்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் குளத்துப் பக்கமே வரவில்லை. ஏப்ரல் பாதி போய்விட்டது. "மிஷினைத் திருப்பி அனுப்பிருங்க முருகையா. குளத்தையும் மூடிரலாம்னு பாக்கேன்" என்றார் பரமசிவம் சார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் குரல் உடைந்து போயிருந்தது. தேர்ந்தெடுத்தது நான்தானே.

தூத்துக்குடியில் வேறொரு வேலையாக இருந்த எங்கள் ஃபோர்மேன் சேவியருக்குச் சொல்லி அனுப்பினேன். உவரிக் கடற்கரைக்காரர். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறியவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனால் எனக்கு மேலே. அதில் எனக்குக் கொஞ்சம் புகைச்சல் இருந்தது, இப்போது சொல்வதற்கென்ன. அதிகம் பேச மாட்டார். இயந்திரம் கெட்டது என்று யார் சொன்னாலும் முதலில் இயந்திரத்தைப் பார்க்க மாட்டார். அது இருக்கும் இடத்தைப் பார்ப்பார்.

வந்தார். ரோபோவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டையையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கினார். நீந்தவில்லை. மூச்சடக்கி அடித்தரையில் குப்புறப் படுத்துவிட்டார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியதும் பயந்துபோய்க் கரையில் மண்டியிட்டேன். அவர் உள்ளங்கையால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தார். மேலே வந்து மூச்சு விட்டு மறுபடி போனார். அப்படி ஏழெட்டுத் தடவை. கடைசியில் கரையோரம் வந்து, தண்ணீர் மட்டத்தில் உள்ள டைல்ஸை விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாடை வே?"

நான் முகர்ந்தேன். "தைலம் மாதிரி இருக்கு."

"தைலமேதான். எண்ணெயும் புழுதியும் சேந்து தரை பூரா பசை மாதிரி படிஞ்சு கெடக்கு. உம்ம பிரஷ் அதுக்கு மேல சறுக்கி வெளையாடுது. தண்ணில யாரு இறங்குதா?"

"என் வைஃப் மட்டும்தான்" என்றார் பரமசிவம் சார்.

"எப்படி இறங்குதாவ?"

சார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இதை விளங்கும்படி சொல்ல வேண்டும். டீச்சர் தண்ணீரில் நடக்கும் நேரம் குளத்தைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி மறைத்துவிடுவார்கள். நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன். எல்லாம் முடிந்து பேச்சி வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போவேன். ஒரு வீட்டுப் பெண் எப்படிக் குளிக்கிறாள் என்று ஒரு ஆண் கேட்பதா? எனக்குத் தோன்றவே இல்லை. குளத்தின் நீளம், அகலம், சரிவு, மூலை, டைல்ஸ், மின்சாரம் எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதியிருந்தேன். அதில் இறங்குகிற ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"டீச்சரைக் கூப்பிடுங்க. அவங்ககிட்டயே கேக்கேன்" என்றார் சேவியர். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் கவனிக்கவே இல்லை.

நாற்காலியில் வைத்து டீச்சரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஃபோர்மேன், உவரிக்காரர் என்று நான் சொன்னேன். சேவியர் ஈர வேட்டியோடு, தலையில் தண்ணீர் சொட்ட, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "டீச்சர், மன்னிச்சுக்கிடுங்க. தண்ணிக்குள்ள இறங்குறதுக்கு முன்னால என்னெல்லாம் செய்வீங்க?"

டீச்சர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு மாசமா இந்தத் தண்ணில நடக்குதது நான். எல்லாரும் சார்கிட்ட கேக்கீங்க, மிஷின்கிட்ட கேக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கதுக்கு உவரியில இருந்து ஒரு ஆளு வர வேண்டியிருக்கு."

பரமசிவம் சார் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

விஷயம் இதுதான். ஆழ்வார்குறிச்சி வைத்தியர் ஒருவர் தைலம் கொடுத்திருந்தார். விடியற்காலையில் பேச்சி இடுப்பிலிருந்து பாதம் வரை அழுந்தத் தேய்த்துவிடுவாள். ஊறட்டும், துடைக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்தத் தைலத்தோடேயே தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். டாக்டருக்கு வைத்தியரைத் தெரியாது, வைத்தியருக்குக் குளத்தைத் தெரியாது, எனக்கு எதுவுமே தெரியாது.

"தரை எப்படி இருக்கு டீச்சர்? எங்கன வழுக்குது?" என்று சேவியர் கேட்டார்.

"ஒரு கிராஃப் தாள் எடுத்துட்டு வாங்க" என்றார் டீச்சர் கணவரிடம்.

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் நம்பவில்லை. டீச்சர் மடியில் பலகை வைத்து, கண்ணை மூடி மூடித் திறந்து, பென்சிலால் குளத்தை வரைந்தார். வெளிக்கோடு மட்டுமல்ல. அடித்தரையின் மேடு பள்ளங்களை, மலைகளுக்கு வரைவார்களே, அதே வளைகோடுகளால் போட்டார். இங்கே இரண்டு டைல்ஸ் உயர்ந்திருக்கிறது, காலில் இடிக்கும். இங்கே மணல் நெருடும். இடது ஓரம் முழுக்க வழுக்கும். இந்த மூலையில் எப்போதும் இலை கிடக்கும். எல்லாம் பாதம் சொன்னது. மூன்று மாதம் ஒவ்வொரு அடியாகப் பயந்து பயந்து ஊன்றிய பாதம். சேவியர் அந்தத் தாளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு இடம்கூடத் தப்பில்லை. வந்தவர் ஈரக் கையாலேயே டீச்சரைக் கும்பிட்டார். நான் பார்த்தவரை யாரையும் கும்பிடாத மனுஷன்.

படத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் பிடிபட்டது. இடது ஓரம் மட்டும் ஏன் அப்படி? நான் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை வலது மூலையில் வைத்திருந்தேன். இடது ஓரத்துக்குப் போவதற்குள் வயர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீளப் பக்கத்தின் நடுவில், கரையிலிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டும். அதையும் அன்றுதான் மாற்றினேன்.

இனி எந்த உருளை? கேட்லாக்கை டீச்சரிடமே கொடுத்தார் சேவியர். டீச்சர் படித்துவிட்டு, "பளபளன்னு இருக்கணும்னு எனக்கு இல்ல. காலு நிக்கணும். எதுல நிக்கும்?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஸ்பாஞ்சு டைல்ஸைப் பிடிக்கும் என்று போட்டிருந்தது. ஆனால் போட்டிருப்பதை நம்பி ஒருமுறை வாங்கியாகிவிட்டது.

"மிச்ச டைல்ஸ் கெடக்குலா, கொண்டாங்க. நானே பாத்துச் சொல்லுதேன்" என்றார் டீச்சர்.

கட்டுமான மிச்சத்திலிருந்து இரண்டு டைல்ஸ் எடுத்து அதே தைலத்தையும் ஆற்றங்கரைப் புழுதியையும் குழைத்துப் பூசி வெயிலில் காயவைத்தோம். மறுநாள் வாளித் தண்ணீரில் முக்கி, ஒன்றை இயந்திரத்தின் பிரஷால் நான் தேய்த்தேன். இன்னொன்றை பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிய ஸ்பாஞ்சால் சேவியர் துடைத்தார், அதே அழுத்தம், அதே எண்ணிக்கை. இரண்டையும் டீச்சரின் காலடியில் ஈரத்தோடு வைத்தோம். எது எது என்று சொல்லவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. சொல்லப்போனால் நான் தேய்த்ததுதான் கூடுதலாக மின்னியது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வலது பாதத்தை ஒன்றில் வைத்து அழுத்தினார், எடுத்தார். அடுத்ததில் வைத்தார். மறுபடி முதலாவதில். வைத்தியர் நாடி பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்த நிதானம் அந்தக் காலில் இருந்தது.

"இதுல பசை போகல. முள்ளு போன கோடு மட்டும் இருக்கு, நடுவுல எண்ணெய் நிக்கி" என்று நான் தேய்த்த டைல்ஸைத் தள்ளினார். மற்றதில் பாதத்தை ஊன்றினார். "இது பிடிக்கி."

சொல்லிவிட்டு அவர் எதிர்பாராமல் ஒன்று செய்தார். நாற்காலியின் கைகளைப் பிடித்து, அந்த ஒற்றைக் காலில் எடையைக் கொடுத்து, அரை அடி எழுந்தார். இரண்டு நொடி இருக்கும். பரமசிவம் சார் ஓடி வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார். என் கண் நிறைந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வோல்ட்மீட்டர், பிரஷர் மீட்டர் என்று எத்தனையோ மீட்டர்களை நம்பியிருக்கிறேன். அந்தப் பாதத்துக்கு முன் எல்லாம் விளையாட்டுச் சாமான்.

ஸ்பாஞ்சு உருளை பார்சலில் வந்து சேரப் பத்து நாள். அதற்குள் குளத்தை வடித்து, தரையைக் கையாலேயே கழுவி, வடிகட்டியில் எண்ணெய் பிடித்த மணலை மாற்றினோம். சேவியரும் என்னோடு குந்தியிருந்து தேய்த்தார். பரமசிவம் சார் ஆழ்வார்குறிச்சிக்கே போய் வைத்தியரிடம் பேசிவிட்டு வந்தார். தைலம் இனி மாலையில், ஊறியபின் வெந்நீரும் பயத்தமாவும் போட்டுக் கழுவிவிட வேண்டும், காலையில் தண்ணீர் நடை. வைத்தியருக்கு இதில் ஒரு தடையும் இல்லை. முன்னாலேயே கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பாராம்.

புது உருளையோடு ரோபோ ஓடி முடிந்த மறுநாள், டீச்சர் எங்களை உள்ளேயே நிற்கச் சொன்னார். ஓலைத் தட்டியை அவிழ்க்கச் சொன்னார். பழைய சுடிதாரில், ஒரு கையில் பேச்சியின் தோளையும் மறு கையில் கம்பியையும் பிடித்துப் படி இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் மரியாதைக்காக ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"அங்கன என்ன பாக்கீங்க? தரையைப் பாருங்க. உங்க வேலை அங்கதான இருக்கு!" என்று வகுப்பில் அதட்டுகிற குரலில் அதட்டினார்.

பார்த்தோம். தோளையும் கம்பியையும் விட்டார். ஒரு அடி. நின்றார். இன்னொரு அடி. முன்பு விழுந்த இடத்துக்கு வந்ததும் காலால் தரையைத் தடவிப் பார்த்தார். அதையும் தாண்டி, மறுகரை தொட்டு, திரும்பி, வந்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவு. பத்து விரலும் டைல்ஸில் விரிந்து ஊன்றுவது கரையிலிருந்தே தெரிந்தது. சேவியர் வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சி அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

அதன் பிறகு என் வேலைக்காலத்தில் எத்தனையோ வீடுகளுக்கு ரோபோ தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். குளத்தின் அளவைக் கேட்கும் முன் அதில் இறங்குகிறவர் யார் என்று கேட்பேன். அவரிடமே பேச வேண்டும் என்பேன். சில வீடுகளில் முகத்தைச் சுளித்தார்கள். பரவாயில்லை, கூச்சத்துக்கு ஒரு தடவை கொடுத்த விலை எனக்குப் போதும். செல்வம், உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். நாலு மாடலையும் மூடி வைத்துவிட்டு முதலில் அந்த ஆளைப் போய்ப் பார்.

மே மாதம் முழுக்க டீச்சர் ஒரு நாள் விடாமல் நடந்தார். கம்பை ஊன்றித் தரையிலும் நடக்கத் தொடங்கினார். ஆனால் வகுப்பில் நிற்க முடியுமா என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜூனில் ஒரு நாள் சர்வீஸுக்குப் போனேன். அழுக்குப் பையைக் கழுவி மாட்டிவிட்டு, தாளில் கையெழுத்து வாங்க டீச்சரைத் தேடினேன். வீட்டில் பேச்சி மட்டும் இருந்தாள்.

"டீச்சர் இல்லையா?"

"பள்ளிக்கூடம் தொறந்தாச்சுலா. எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாவ."

"பஸ்லயா? சார் கார் இருக்கே?"

"வேண்டாம்னுட்டாவ. நான்தான் ஸ்டாப்பு வரைக்கும் கூடப் போனேன். ஏத்திவிட்டுட்டுப் பாக்கேன், பஸ்ல ஒரு சீட்டு இல்ல. ஒரு பொம்பளப்பிள்ளை எந்திரிச்சு எடம் கொடுக்கு, இவிய உக்கார மாட்டேங்காவ."

"பெறகு?"

"பெறகு என்ன, கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டேதான் போறாவ."